தரை சரிங்க டீச்சர்

விலா வலிக்கும்போது இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது, தேங்காய் உரிக்கக்கூடாது. முதல் இரண்டையும் ரமேஷ்குமார் எப்படியோ அடக்கிக்கொண்டான். மூன்றாவதை அடக்கினால் வீட்டில் அடுப்பு எரியாது.

பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகிற ரோட்டை ஒட்டிப் பொங்கியண்ணனின் கொப்பரைக் களம். ஒரு பக்கம் மட்டையோடு தேங்காய் குன்றாகக் கிடக்கும். நடுவில் அகன்ற சிமென்ட் தரை. உடைத்த மூடிகளை வெயிலில் பரப்பிக் காயவைக்கிற இடம். குன்றுக்கு முன்னால் மண்ணில் நட்ட பாரை, தொடை உயரத்துக்குக் கூர்முனையோடு நிற்கிற இரும்பு. காயைத் தூக்கி அதன்மேல் ஒரே குத்தாகக் குத்தி, அமுக்கித் திருப்பினால் மட்டை பிளந்து கொடுக்கும். அந்தப் பலம் கையில் இல்லை. அடிவயிற்றில் கிளம்பி விலா வழியாகத்தான் தோளுக்கு வரும். அந்த விலாவில்தான் நேற்றுக் கராத்தே வகுப்பில் தங்கதுரையின் கணைக்கால் வந்து இறங்கியிருந்தது.

ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே ஈர்க்குச்சி ஒடிகிற மாதிரி இருந்தது. வலிக்கிறதே என்று குத்தை மெதுவாக்கவும் முடியாது. பாதிப் பலத்தில் குத்தினால் காய் வழுகி, கூர்முனை மணிக்கட்டில் ஏறிவிடும். அவனோடு உரித்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு அப்படித்தான் இரண்டு விரல் மடங்காமல் போனது.

அவன் மனைவி கற்பகம் தகரக் கொட்டகை நிழலில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து, காய்ந்த மூடிகளிலிருந்து கொப்பரையை நெம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, காயை உரிக்கறீங்களா, கொஞ்சறீங்களா?"

"சும்மா இரு கற்பகம்."

"ஞாயித்துக்கெழமையானா ஊருல இருக்கறவிய கறி எடுக்கப் போவாங்க. எங்கூட்டுக்காரரு ஒதை வாங்கறதுக்குப் போவாரு."

பெண்கள் சிரித்தார்கள். களம் கூட்டுகிற முத்துப்பேச்சி விளக்குமாற்றை ஊன்றி நின்றாள். ஐம்பதை நெருங்குகிறவள், மலைமேல் சக்குபள்ளம் பக்கம் ஏலத்தோட்டத்தில் பிறந்து, புருஷன் போன பின் கீழே இறங்கி வந்தவள். மலையை விட்டு வந்தாலும் அவள் பேச்சு மாறவில்லை. "விடு தாயி. ஆம்பளைக்கு என்னத்தையாச்சும் ஒரு கிறுக்கு வேணும்லா. குடிச்சுட்டு ஒதைக்காம, குடிக்காம ஒதை வாங்குதானேன்னு சந்தோசப்படு."

ரமேஷ்குமாருக்குச் சிரிப்பு வந்தது. விலா குத்தியது. அடக்கிக்கொண்டான்.

பைக் சத்தம் கேட்டதும் பெண்களின் கைகள் வேகமெடுத்தன. தங்கதுரை வந்து இறங்கினான். பொங்கியண்ணனின் ஒரே மகன். கோயமுத்தூரில் படித்துவிட்டு, அங்கே ஏதோ ஜிம்மில் நிஜமாகவே அடித்துக்கொள்கிற ஃபுல் கான்டாக்ட் சண்டையும் பழகிக்கொண்டு, போன வருஷம்தான் ஊருக்குத் திரும்பியிருந்தான். ஞாயிறு வகுப்புக்கு அவனும் வருவான்.

"என்ன ரமேசு, விலா எப்பிடி இருக்குது? ஐஸ் வெச்சியா?"

"வெச்சனுங்க சின்னவரே." வைத்தது மஞ்சளும் சுண்ணாம்பும்.

"நீயும் என்ற மூஞ்சிக்கு ஒரு கிக் உட்டியல்ல? அது ஏன் படல?"

"நிறுத்திட்டனுங்க. டீச்சரு தொட்டாப் போதும்னுதானுங்க சொல்லியிருக்குது."

"தொட்டாப் போதும்! அதென்ன கல்யாணப் பொண்ணா?" தங்கதுரை பாரைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தணிக்கவில்லை. "கண்ட்ரோலு கண்ட்ரோலுன்னு அந்த டீச்சரம்மா உன்னைய நல்லா ஏமாத்தி வெச்சிருக்குது. நீ காலை நிறுத்தறது கண்ட்ரோல் இல்லடா. பயம். என்ற மூஞ்சி பக்கத்துல வந்தொடனே உன்ற காலுக்கு மொதலாளி நெனப்பு வந்துருது."

பெண்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் குனிந்துகொண்டார்கள். கற்பகம் மட்டும் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் காயை எடுத்துக் குத்தினான். சரியாகத்தான் குத்தினான். ஆனால் அந்த வார்த்தை விலாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கராத்தே வகுப்பு அந்தக் களத்துக்கு வந்தது ஜின்சியால். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவளும் சக்குபள்ளத்துக்காரிதான், அப்பன் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்ற தமிழும் வீட்டு மலையாளமும் அவள் வாயில் ஒன்றாகத்தான் வரும். ஞாயிறு சாயங்காலம் களம் சும்மாதானே கிடக்கிறது என்று பொங்கியண்ணனிடம் கேட்டாள். பிள்ளைகள் வந்து போனால் களத்துக்கு ஒரு பேர் என்று அவரும் விட்டுவிட்டார்.

முதல் நாள் ரமேஷ்குமார் மட்டை அடுக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தான். ஜின்சி கொட்டகை விட்டத்திலிருந்து ஒரு நூலில் ஒற்றைத் தேங்காய் நாரைக் கட்டித் தொங்கவிட்டாள். நார் முனை ஆள் தாடை உயரத்துக்கு நின்றது. அவள் சுழன்று உதைத்தாள். கால் காற்றைக் கிழித்துக்கொண்டு போய், நாருக்கு முன்னால் ஆணி அடித்ததுபோல் நின்றது. நார் மூச்சு பட்டதுபோல் லேசாக ஆடியது.

"இதான். நார் ஆடணும், அறக்கூடாது. தொட்டா மதி, ஒடைக்க வேண்டாம் கேட்டோ. ஒடைக்கறது எந்தக் கழுதைக்கும் வரும்."

அன்றைக்கே சேர்ந்துவிட்டான். ஏன் என்று கற்பகம் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. பாரை முன்னால் நிற்கிறவனுக்கு விடிந்ததிலிருந்து முழுப் பலம்தான். சுமை தூக்கினாலும் முழுப் பலம், மண்வெட்டி பிடித்தாலும் முழுப் பலம். பாதிப் பலத்துக்குக் கூலி கிடையாது. அவன் அப்பன் அப்படித்தான் மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போய்ப் படுத்தார். இங்கே ஒருத்தி வந்து, உன்னிடம் எவ்வளவு பலம் இருக்கிறதோ அவ்வளவையும் கிளப்பு, கிளப்பிவிட்டு நிறுத்து என்கிறாள். அப்படி ஒரு வேலையை அதுவரை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. நிற்கிற இடம் பாதத்தில் இல்லை, இடுப்பில் இருக்கிறது என்பதை மாசக்கணக்கில் உதைத்துக் கண்டுபிடித்தான். இடுப்பைப் பூட்டினால் கால் நிற்கும். இடுப்பை விட்டால் கால் போகும்.

வகுப்பில் அவனுக்கு ஒரு வேலையும் இருந்தது. கொப்பரை காய்ந்த இடத்தில் சிமென்டில் எண்ணெய் இறங்கியிருக்கும். அதில் ஒற்றைக்காலில் நின்று உதைத்தால் ஊன்றிய கால் பறித்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேச்சி களம் முழுக்க நார்த்தூளைத் தூவி, எண்ணெயை ஊறவிட்டு, அழுத்திக் கூட்டி எடுப்பாள். பிறகு ரமேஷ்குமார் வெறுங்காலோடு மூலை விடாமல் நடந்து பார்ப்பான். நடந்து முடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "தரை சரிங்க டீச்சர்" என்பான். அதற்குப் பிறகுதான் ஜின்சி விசில் ஊதுவாள். பெரிய மரியாதை ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் முதுகு கொஞ்சம் நிமிரும்.

அந்த வாரம் முழுக்க அவன் சரியாக இல்லை. உரித்துக்கொண்டே நின்றுவிடுவான். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து நடப்பான். போன தடவை தங்கதுரையின் முகத்துக்கு முன்னால் கால் நின்றதே, அதை யார் நிறுத்தியது? நானா? இல்லை, அப்பன் காலத்திலிருந்து முதலாளி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற பழக்கமா? ஜின்சி டீச்சர் முகத்துக்கு முன்னாலும் அதே இடத்தில்தானே நின்றது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் ஜின்சி டீச்சர் கூலி தருகிறவள் இல்லை.

"பல்லு வலியா?" என்றாள் கற்பகம்.

"இல்ல."

"பின்ன ஏன் பல்லைக் கடிச்சுட்டே இருக்கறீங்க?"

ஞாயிறு வந்தது. முத்துப்பேச்சி மத்தியானமே தூள் தூவி, கூட்டி, ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். ரமேஷ்குமார் நடந்து பார்த்தான். கிழக்கு மூலையில், முந்தின நாள் கொப்பரை குவிந்துகிடந்த இடத்தில்கூடப் பாதம் சொரசொரவென்று பிடித்தது. திருப்பி ஒருமுறை அழுத்திப் பார்த்தான். நல்ல தரை.

"தரை சரிங்க டீச்சர்."

போன்களையெல்லாம் வழக்கம்போல ஒரு கோணிப்பைக்குள் போடச் சொன்னாள் ஜின்சி. வகுப்பில் யாரும் படம் பிடிக்கக்கூடாது என்பது அவள் சட்டம். பொங்கியண்ணன் எடைமேடைப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் சுவரோரம்.

பயிற்சி முடிந்து ஸ்பேரிங், ஜோடி ஜோடியாக மோதிப் பார்க்கிற சண்டை. கடைசி ஜோடி ரமேஷ்குமாரும் தங்கதுரையும்.

தொடங்கியதுமே தங்கதுரையின் கால் அதே விலாவில் வந்து விழுந்தது. சத்தம் சுவரோரம் வரை கேட்டது.

"யாமே!" நிறுத்து என்று அர்த்தம். "தங்கதுரை, கான்டாக்ட் கூடுதல். வார்னிங்."

"சாரி டீச்சர், தெரியாம பட்டிருச்சு."

மறுபடி தொடங்கினார்கள். மறுபடி அதே இடம். இந்தத் தடவை ரமேஷ்குமாருக்குக் கண் இருட்டியது. எச்சில் புளித்தது. ஜின்சி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, "எடா, இன்னும் ஒரு தடவை இது வந்தா வெளியே" என்றாள். தங்கதுரை குனிந்து வணங்கினான். நிமிரும்போது பல் கவசத்துக்குள்ளிருந்து, ரமேஷ்குமாருக்கு மட்டும் கேட்கும்படி, "உன்ற முறை. நிறுத்திக்க" என்றான்.

தொடங்கு என்று ஜின்சி கையை இறக்கினாள். தங்கதுரையின் இடது கை விலாவைக் காக்கத் தாழ்ந்திருந்தது. தாடை திறந்து கிடந்தது. ரமேஷ்குமாரின் கால் கிளம்பிவிட்டது.

போகிற வழி முழுக்க அவனுக்குத் தெரிந்தது. நார் முனை தொங்குகிற இடம் எது, அதற்கு முன்னால் இடுப்பைப் பூட்ட வேண்டிய இடம் எது என்று எப்போதும்போலத் தெரிந்தது. ஊன்றிய கால் சிமென்டை வேர் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தது. பூட்ட வேண்டிய இடம் வந்தது. பூட்டவில்லை. இடுப்பை விட்டான்.

மட்டை பிளக்கிற சத்தம்.

ஒரு மூச்சு நேரம் அவனுக்கு விலா வலிக்கவில்லை. உடம்பெல்லாம் இனித்தது. அடுத்த மூச்சில் கீழே தங்கதுரை கிடந்தான். தாடை ஒரு பக்கமாகப் போயிருந்தது. பல் கவசத்தோடு ரத்தம் வழிந்தது. பிள்ளைகளில் ஒன்று வீறிட்டு அழுதது.

ஜின்சி மண்டியிட்டுத் தலையைப் பிடித்தாள். தங்கதுரை கண்ணைத் திறந்தான். சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தான். ரமேஷ்குமாரை, அவனுக்குப் பின்னால் ஓடிவருகிற அப்பனை. கோணிய வாயால் முதலில் சொன்னது இதுதான்:

"வழுக்கிருச்சு... அவன் கால் வழுக்கிருச்சு."

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். வழுக்கிவிட்டது. கொப்பரைக் களத்தில் வழுக்காமல் என்ன செய்யும்?

பொங்கியண்ணன் மகனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு சுவரோரம் திரும்பினார். "எவ கூட்டுனது? எங்கடி அவ?"

முத்துப்பேச்சி எழுந்து வந்தாள். வாயில் வெற்றிலை இருந்ததால் ஓரமாகத் துப்பிவிட்டு வந்தாள். அந்தத் துப்பலும் குற்றமாகிப்போனது.

"வெத்தல போட நேரம் இருக்குது, எண்ணெய் எடுக்க நேரம் இல்லையா? என்ற பையன் செத்திருப்பானேடி!"

"இல்ல மொதலாளி, தூள் போட்டுத்தான் கூட்டுனேன். மூலை முடுக்கெல்லாம்—"

"பொய் பேசாத. திங்கற சோத்துக்கு வேலை செய்யாத நாயி. நாளையிலருந்து இந்தப் பக்கம் காலை வெச்சுராத."

அத்தனை பேர் முன்னால். அவள் ரமேஷ்குமாரைப் பார்த்தாள்.

ஜின்சியும் பார்த்தாள். "ரமேஷே, தரை சரின்னு நீதான பறஞ்சது?"

அவன் கிழக்கு மூலையைப் பார்த்தான். தங்கதுரையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பொங்கியண்ணனின் பார்வை அவன்மேல் இருந்தது.

"ஒரு மூலையில இருந்திருக்குமுங்க டீச்சர். நாங் கவனிக்கல."

யாரோ ஒரு குடம் தண்ணீரை ஊற்றி ரத்தத்தைக் கழுவிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த இடம் முழுக்கவே ஈரமாகத்தான் இருந்தது.

தங்கதுரைக்குப் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். அடுத்த ஞாயிறு வகுப்பு இல்லை. ரமேஷ்குமாரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் தொந்தரவாக இருந்தது. ஆட்கள் வந்து தோளில் தட்டினார்கள். "விடுப்பா, வழுக்குனா என்ன பண்ணுவ." களம் கூட்ட நல்லேப்பிள்ளியிலிருந்து புதிதாக ஒருத்தி வந்தாள். தூள் போடத் தெரியாமல் போட்டாள். அவள் விளக்குமாறு சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் குத்து தவறியது. ஒரு காய் வழுகி மணிக்கட்டைக் கீறியது. துணியைச் சுற்றிக்கொண்டு நின்றான். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"வழுக்குனதுக்கு நீங்க ஏன் இப்பிடி ஆவறீங்க?" என்றாள் கற்பகம் ஒருநாள்.

"வழுக்கல."

கற்பகம் கொப்பரை நெம்புகிற கையை நிறுத்தினாள். "எனக்குச் சொல்லிட்டீங்க. ஆனா இது நாங் கேக்க வேண்டியதில்ல" என்றாள். "கேக்க வேண்டியவ ஒருத்தி இருக்கறா."

அவளைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தான். முத்துப்பேச்சி தூக்குவாளியோடு பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு நார் மில்லில் வேலை. தலையில், புருவத்தில், காது மடிப்பில் எல்லாம் குளித்தும் போகாத பழுப்புத் தூள். இருமிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா."

"வாலே, கராத்தே வீரா. காலு எப்டி இருக்கு?"

"அக்கா... அன்னிக்கு எங்காலு வழுக்கல."

"எனக்குத் தெரியாதா? விளக்குமாறு புடிச்சுத் தூத்துனவளுக்குத் தரை தெரியாதா?"

"நாந்தான் நிறுத்தல. நிறுத்தியிருக்கலாம்."

"அது எனக்கு எதுக்குலே?" அவள் குரல் ஏறியது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். "ஒன் காலு நின்னா எனக்கென்ன, அவன் மூஞ்சில ஏறுனா எனக்கென்ன? நீங்க ரெண்டு பேரும் மாடு மாதிரி முட்டிக்கிடுங்க. நான் தூத்துன தரை சுத்தமா இருந்துச்சா, இல்லையா?"

"சுத்தமாத்தான் இருந்துச்சு."

"அதை எங்கிட்ட வந்து ஏம்ல சொல்லுத?"

பஸ் வந்தது. இருமிக்கொண்டே ஏறிப்போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே முதலாளி வீட்டுக்குப் போனான். தங்கதுரை கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து, ஸ்ட்ராவில் மோர் உறிஞ்சிக்கொண்டிருந்தான். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கட்டியிருந்ததால் வார்த்தைகள் பல்லிடுக்கு வழியாகப் பிதுங்கி வந்தன.

"சின்னவரே, அன்னிக்கு வழுக்கலீங்க."

"தெரியும்டா." தங்கதுரை ஸ்ட்ராவை எடுத்தான். "உன்ற ஊன்றுன கால் அசையவே இல்ல. நாம் பாத்துட்டேதான் உழுந்தேன். செமக் கிக்." கண்ணில் ஒரு மாதிரிச் சந்தோஷம் இருந்தது. "உனக்கு பயமில்லைன்னு இப்பத் தெரிஞ்சுதில்ல? போ, போய் நிம்மதியா இரு."

இதைக் கேட்டால் விலாவில் உட்கார்ந்திருப்பது எழுந்து போய்விடும் என்று நினைத்திருந்தான். போகவில்லை.

"பின்ன ஏனுங்க வழுக்குச்சுன்னு சொன்னீங்க?"

"களத்துல காய் உரிக்கறவங்கிட்ட ஒதை வாங்கி உழுந்தேன்னு நான் சொல்லிக்கணுமா? வழுக்குச்சுன்னே இருக்கட்டும். எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

"முத்துப்பேச்சிக்கு வேலை போயிருச்சுங்க."

"யாருக்கு?"

"களம் கூட்டுற அக்காங்க."

"ஓ." தங்கதுரை ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டான். "அதுக்கு வேற களமா இல்ல?"

மறுநாள் காலையில் எடைமேடைப் பக்கம் பொங்கியண்ணன் தனியாக நின்றபோது ரமேஷ்குமார் போனான். போகும்போது கால் நடுங்கியது. அந்த நடுக்கம் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. உதைக்கும்போது இது இல்லை. பேசப் போகும்போதுதான் வருகிறது.

"மொதலாளிங்க, அந்தக்கா நல்லாத்தான் கூட்டியிருந்துச்சுங்க. தரை வழுக்கலீங்க. நாந்தான் வேணும்னு உதைச்சுட்டேன்."

பொங்கியண்ணன் மூட்டையின் தைப்பைத் தடவிக்கொண்டே நின்றார். அடிப்பார் என்று நினைத்தான். அடிக்கவில்லை.

"அவன் உன்ற விலாவுல ரெண்டு தடவை வெச்சதை நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார். "அவளை வரச்சொல்லு. இந்தப் புதுக்காரி கூட்டறது களம் மாதிரியே இல்ல. ஆனா ஒண்ணு. என்ற பையன் உங்கிட்ட ஒதை வாங்கி உழுந்தான்னு ஒரு வாயிலிருந்தும் வரக்கூடாது. வழுக்குச்சு. அதோட முடிஞ்சுது. வந்துச்சுன்னா நீயும் உம்பொண்டாட்டியும் வேற பாரை பாத்துக்க வேண்டியதுதான்."

"சரிங்க."

சொன்ன பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று உறைத்தது.

முத்துப்பேச்சி திரும்பி வந்தாள். நார் மில் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வராமல் வேறு வழியும் இல்லை. பெண்கள் அவளைப் பார்த்து, "இனியாச்சும் மூலையைப் பாத்துக் கூட்டக்கா" என்றார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். அவள் நேராகப் பாரை முன்னால் வந்து நின்றாள்.

"சொன்னியாலே?"

"மொதலாளிகிட்ட சொல்லிட்டேங்க்கா. அதனாலதான் உன்னைய—"

"அவர்ட்ட மட்டுமா?"

ரமேஷ்குமார் காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னைய நாயின்னு ஏசுனது ஊரு முன்னால. புள்ளைக முன்னால. நீ சொன்னது அவரு காதுல மட்டுமா?" அவள் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை நான் தூத்துதேன். நீ நடந்து பாத்துட்டுச் சத்தமாச் சொல்லுவேல்ல, தரை சரின்னு? அப்பம் அதோட சேத்து, அன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிரு. ஒரே வார்த்தை. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"சொல்றேங்க்கா."

"சொல்லணும்."

ஞாயிறு வரை அவன் அந்த வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருந்தான். காய் குத்தும்போது சொன்னான். குளிக்கும்போது சொன்னான். அத்தனை சின்ன வாக்கியம், குழந்தைகூடச் சொல்லிவிடும். கற்பகத்திடம் முதலாளி சொன்னதையும் சொன்னான். அவள் நெடுநேரம் கொப்பரைச் சில்லு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "வேற பாரை இல்லாமலா போயிரும்?" என்றாள். பிறகு, "இந்த மாசம் மட்டும் பொறுத்துக்கலாமா?" என்றும் அவளே கேட்டாள்.

வகுப்பு மறுபடி கூடியது. வழக்கத்தைவிடக் கூட்டம். தங்கதுரை கட்டின தாடையோடு வந்து அப்பன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் அவனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். முத்துப்பேச்சி வெற்றிலை போடவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்க்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு களத்து ஓரம் நின்றாள்.

ரமேஷ்குமார் வெறுங்காலோடு நடந்தான். மேற்கு மூலை. வடக்கு. கிழக்கு மூலையில் நின்று பாதத்தை அழுத்தித் திருப்பினான். சொரசொரவென்று பிடித்தது. இதைவிட நல்ல தரை எந்த ஊரிலும் இருக்காது.

திரும்பி நடுவுக்கு வந்தான். ஜின்சி விசிலை வாயருகே வைத்திருந்தாள்.

"தரை சரிங்க டீச்சர்."

ஜின்சி விசிலை ஊதவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று அவனுக்குத் தெரியவில்லை. "வேற ஏதாவது பறயணுமா, ரமேஷே?"

பொங்கியண்ணன் நாற்காலியில் கால் மாற்றிப் போட்டார். கற்பகம் வாசலோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வாக்கியம் தொண்டை தாண்டி, நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வேறொண்ணுமில்லீங்க டீச்சர்."

விசில் ஒலித்தது. பிள்ளைகள் வரிசையாக ஓடி வந்தன. முத்துப்பேச்சி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். நிறுத்தி நிதானமாக, சத்தம் வராமல் சாய்த்துவிட்டு, கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

ஜின்சி விட்டத்திலிருந்து நாரைத் தொங்கவிட்டு அவனை முதலில் கூப்பிட்டாள். உதைத்தான். கால் காற்றைக் கிழித்துக்கொண்டு போய், நாருக்கு முன்னால் நின்றது. நார் லேசாக ஆடியது.

"குட்," என்றாள் ஜின்சி. "அடுத்தது."

அன்றைக்கும் தரை சரியாகத்தான் இருந்தது என்று ஊர் காதில் விழச் சொல்லும் அந்த ஒரு வார்த்தையை ரமேஷ்குமார் முத்துப்பேச்சிக்குக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.